குவாதலூப் கரையோரம்: எங்கே சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம்

கரீபியன் கடலில் உள்ள குவாதலூப், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ஒரு மாவட்டம். பாரிசிலிருந்து விமானத்தில் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அங்கும் யூரோதான் பணம். பிரெஞ்சும் கிரெயோலும் பேசுகிறார்கள். விடுமுறைக்கு நானும் பாரிசில் பிறந்த என் மகளும் அங்கு சென்று, காரை வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகச் சுற்றினோம். போக இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தீவு வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள் போன்றது. கிழக்குச் சிறகு கிராந்-தேர், தட்டையான கரும்பு நிலம். மேற்குச் சிறகு பாஸ்-தேர், எரிமலையும் காடும் வாழைத் தோட்டங்களும் கொண்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது புவான்ட்-அ-பித்ர் நகரம்.

கிழக்குக் கரை

நகரத்தின் பழைய துறைமுகக் குடாவில் காலையில் மீன் விற்பார்கள். அருகிலேயே வாசனைத் திரவியச் சந்தை. அங்கே ஒரு மஞ்சள் தூளின் மேல் 'கொலம்போ' என்று எழுதியிருந்தது. "அப்பா, கொழும்பு!" என்று மகள் சிரித்தாள். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு சேர்ந்த கறித்தூள் அது. பெரும்பாலும் அதில் மிளகாய் இருக்காது. உறைப்புக்கு முழுக் கொச்சிக்காயைக் கறிக்குள் போடுகிறார்கள். ஆட்டிறைச்சியோ கோழியோ இந்தத் தூளில் சமைத்தால் அந்தக் கறியின் பெயரும் கொலம்போதான். பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்போர் உண்டு. 'குழம்பு' என்ற சொல்லின் திரிபு என்போரும் உண்டு.

தூள் வந்த வழி தெளிவானது. 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24இல் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஒரேலி இங்கு வந்து சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் கொண்டுவரப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக வந்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர். வட இந்தியரும் இருந்தனர்.

நகரிலிருந்து கிழக்கே போனால் லு கோசியே, சென்ட்-ஆன், சென்-பிரான்சுவா என்று கடற்கரை ஊர்கள் வரிசையாக வரும். வழியில் 'பொக்கித்' சாப்பிடுங்கள். எண்ணெயில் பொரித்த பாணைப் பிளந்து மீன், கோழி, முட்டை வைத்துத் தருவார்கள். மலிவு, வயிறும் நிறையும். உப்புக் கருவாட்டில் செய்யும் 'அக்ரா' என்ற சிறு பொரியலையும் விட வேண்டாம். சென்ட்-ஆன் கடற்கரையில் மரப்பீப்பாயைக் கையால் சுழற்றித் தேங்காய்க் குளிர்களி செய்து விற்கிறார்கள். மதுபானம் தொடாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. சென்-பிரான்சுவாவில் மீன்பிடித் துறையை ஒட்டிச் சிறு உணவகங்கள் உண்டு. தேசிக்காய்ச் சாறில் ஊறவைத்த மீனும் சங்குச் சதைக் கறியும் கேட்டுப் பாருங்கள். சங்கு பிடிக்க ஆண்டில் பல மாதங்கள் தடை இருப்பதால் எப்போதும் கிடைக்காது.

லு மூல் ஊரில் தமுவாசோ வடிசாலை இருக்கிறது. இங்குள்ள ரம், பாகிலிருந்து அல்லாமல் புதிதாகப் பிழிந்த கரும்புச் சாற்றிலிருந்தே வடிக்கப்படுகிறது. அதில் தேசிக்காயும் சீனியும் சேர்த்தால் 'தி-பன்ச்'. ரம் 50 பாகை, சிலவேளை 59. சின்னக் கிண்ணம் என்று ஏமாற வேண்டாம். கார் ஓட்டுபவர் குடிக்கவே கூடாது.

மேற்குச் சிறகு

பாஸ்-தேரின் கிழக்குக் கரையில் கப்பெஸ்டேர் ஊர். 1895இல் தொடங்கிய லோங்கெத்தோ வடிசாலையும், சாஞ்சி என்ற இடத்தில் மாரியம்மன் கோயிலும் இங்கே உள்ளன. அம்மனை 'மாலியெமேன்' என்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் வெற்றி பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பிரான்சில் 1990இலேயே தடை செய்யப்பட்டும், இத்தீவுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நஞ்சு மண்ணிலிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் இறங்கியது. வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் அது கண்டறியப்பட்டுள்ளது. இந்தக் கரையின் சில பகுதிகளில் மீன்பிடி தடை செய்யப்பட்டதால், கண் முன்னே கடல் இருந்தும் மீனவர்கள் அங்கே வலை வீச முடியாது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு 2023 ஜனவரியில் கிடைத்த பதில், யார்மீதும் குற்றம் சுமத்த முடியாது என்பதே. ஆகவே மீன் எங்கே பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். ஆழ்கடல் சூரை நல்லது. தெருவோரத்தில் விற்கும் ஆற்று இறாலைத் தவிருங்கள்.

தெற்கே துருவா-ரிவியேரிலிருந்து படகேறினால் லே செந்த் தீவுகள். இறங்குதுறையிலேயே பெண்கள் கூடையில் தேங்காய்ப்பூ வைத்த சிறு கேக் விற்பார்கள். அதன் பெயருக்குக் 'காதல் வேதனை' என்று பொருள். மேற்கே மலாந்தூர், தேஹே கடற்கரைகளில் சுட்ட மீனும் கரும்புச் சக்கைப் புகையில் வாட்டிய கோழியும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டை 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். பிந்தினால் பல கடைகளில் சமையலறை மூடிவிடும்.

நாங்கள் உண்டவற்றில் மறக்க முடியாதது கப்பெஸ்டேர் பக்கத்துச் சிறிய கடை ஒன்றில் கிடைத்த ஆட்டுக் கொலம்போ. கடைக்கார அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் வந்து அமர்ந்தார். கோயிலில் பாடுவது தமிழ் என்று தெரியுமாம், பொருள் தெரியாதாம். என் பிரெஞ்சு தடுமாறியதால் மகள்தான் இருவருக்கும் இடையில் நின்றாள். "உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"குழம்பு" என்றேன். அவர் 'குலம்பு' என்று சொல்லிப் பார்த்தார். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் என் மகள், "இல்லை, ழ" என்று நாக்கை மடித்துக் காட்டினாள். அவளுக்கும் அது சரியாக வரவில்லை. இருவரும் நாலைந்து தரம் சொல்லிச் சிரித்தார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா ஒரு போத்தல் தூள் தந்தார், காசு வாங்கவில்லை. அது இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. அதன் மேல் மகள் தமிழில் 'குழம்புத்தூள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.