யோகமும் நாட்பட்ட பிணியும்

நாட்பட்ட பிணியால் வருந்துவோருள், உடம்பு நிலையாதது என்று கூறி அதனைப் பேணாது விடுவார் ஒரு சாரார். யோகம் ஒன்றே போதும் என்று மருந்தைக் கைவிடுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நம் நெறிக்கு ஒவ்வா என்பதனை வரலாற்றின் வழிநின்று ஈண்டுச் சிந்திப்போம்.

திருவாவடுதுறையில் எழுந்தருளியிருந்த திருமூல நாயனார் அருளிய திருமந்திரம் பத்தாந் திருமுறையாகும். அதன் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது, இயமம் முதல் சமாதி ஈறாக யோகத்தின் எட்டுறுப்புக்களையும் விரித்துரைக்கின்றது. உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டிருத்தலின் அதனைப் பேணுதல் வேண்டும் என்பது நாயனார் கருத்து. எனவே, பிணி தணிதல் யோகநெறியில் இடையே கிட்டும் பயன். முடிந்த பயனோ சிவத்தை உணர்தலேயாம்.

இத்தொல்கலை இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்தினுள் புகுந்தது. சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே 'யோக மீமாம்சை' என்னும் இதழையும் தொடங்கினார். உட்டியான பந்தம், நௌலி ஆகியவற்றைச் செய்யுங்கால் உடலினுள் நிகழும் அழுத்த மாற்றங்களை அளந்தும், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தும் ஆராய்ந்தார். மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் பயிற்றிய கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) பின்னர்ச் சென்னைக்கு வந்து, அவரவர் வயதுக்கும் வலிமைக்கும் நோய்க்கும் ஏற்பப் பயிற்சியை வகுத்தளித்தார். அவர் பெயரால் 1976-இல் சென்னையில் யோக மந்திரம் எழுந்தது.

இன்றைய மருத்துவரும் இதனைப் புறக்கணித்திலர். நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னரே கொள்ளத்தக்க முறைகளுள் ஒன்றாக யோகத்தையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் பரிந்துரைத்தது. மூச்சு நீண்டு மெல்லியதாக ஓடுங்கால் நெஞ்சத்துடிப்பு தணிகின்றது. உள்ளப் பதற்றம் குறைகின்றது. உயர்ந்த இரத்த அழுத்தமும் ஓரளவு தாழக் காண்கிறோம்.

ஆயினும் ஒன்று நினைவிற்கொள்க. நீரிழிவுடையார் தாமாக மருந்தை நிறுத்துதல் பெருந்தீங்காய் முடியும். கண்ணழுத்த நோயுடையார்க்குத் தலைகீழாய் நிற்கும் சிரசாசனம் ஆகாது. மருத்துவர் சொல்லும், தக்க ஆசிரியர் துணையும், நாள்தோறும் தவறாப் பயிற்சியும் ஒருங்கே வேண்டப்படும்.

புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்னும் திருநாமத்தோடு விளங்குகின்றான். அப்பெருமான் சந்நிதியில் நிற்கும் நாம், மருந்து அவனருள், யோகமும் அவனருள் என்று தெளிதல் வேண்டும். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல், அவன் நீட்டிய இரு கரங்களுள் ஒன்றை விலக்குதல் போலாம். அவன் உறையும் கோயிலாகிய உடம்பை இரண்டாலும் காத்து உய்வோமாக!

திருச்சிற்றம்பலம்.