உருள் கூண்டு (சில்லறை வணிகம்)

இக்கட்டுரை சரக்குக் கூண்டு பற்றியது. பந்தயத் தானுந்துகளின் பாதுகாப்புச் சட்டகத்துக்கும் இப்பெயர் வழங்குவதுண்டு.

உருள் கூண்டு (ரோல் கேஜ்) என்பது கடைகளுக்குப் பொருட்களைக் கொண்டு செல்லப் பயன்படும், சக்கரங்கள் பொருத்தப்பட்ட உயரமான கம்பிக் கூண்டு ஆகும். ஐக்கிய இராச்சியத்தின் பேரங்காடிகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. கிடங்கில் நிரப்பப்படும் கூண்டு சரக்குந்தில் (லாரி) ஏற்றப்பட்டு, கடையினுள் விற்பனை அடுக்குகள் வரை அப்படியே உருட்டிச் செல்லப்படுகிறது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது. ஆனால் சக்கரங்கள் சுமையின் எடையை மறைத்துவிடுவதால் வேறு வகையான விபத்துகள் நேர்கின்றன.

விசையும் சரிவும்

ஐக்கிய இராச்சியத்தின் பணியிட உடல்நலப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டலின்படி, நல்ல சக்கரங்களுடன் கடினமான சமதளத்தில் ஒரு சுமையை உருட்ட அதன் எடையில் சுமார் 2% விசை போதும். 400 கிலோகிராம் கூண்டுக்கு இது 8 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை. மேடுபள்ளமான தரையில் இது 10%, அதாவது 40 கிலோகிராம் ஆகலாம். 12 இற்கு 1 என்ற சரிவில் ஏற்றும்போது சரிவுக்காக மட்டும் சுமார் 33 கிலோகிராம் கூடுதலாகத் தேவை. நகரும் சுமையைத் தொடர்ந்து தள்ளுவதற்கு அதே ஆணையம் தரும் வழிகாட்டு அளவோ ஆண்களுக்குச் சுமார் 10, பெண்களுக்கு 7 கிலோகிராம் மட்டுமே. கடைக்குள் ஒருவர் எளிதாகத் தள்ளிய கூண்டு வெளியே உள்ள சரிவில் இருவருக்கும் அடங்காமல் போவது இதனாலேயே. இறக்கத்தில் இதே விசை கூண்டைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும்.

கவிழ்தல்

கூண்டின் உயரம் அதன் அடித்தள அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. சக்கரம் ஒரு பள்ளத்திலோ தளத்தின் விளிம்பிலோ சிக்கினால் அடிப்பகுதி நின்றுவிடும். மேற்பகுதி நிலைமத்தால் தொடர்ந்து முன் செல்லும். ஆகவே பானப் புட்டிகள் போன்ற கனமானவை அடியிலும், இலேசானவை மேலேயும் அடுக்கப்பட வேண்டும். சாயும் கூண்டைத் தாங்கிப் பிடிக்க முயல்வது மனித இயல்பு. எனினும் அதை விட்டுவிட்டு விலகுவதே சரியானது. நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடையைக் கைகளால் நிறுத்த இயலாது.

மிகுந்த இடர் உள்ள இடம் சரக்குந்தின் பின்புறத் தூக்கு மேடை ஆகும். மேடையின் விளிம்புத் தடுப்புகளை உயர்த்தி, கூண்டின் சக்கரத் தடையைப் போட்ட பின்னரே மேடையை இயக்க வேண்டும். அப்போது கீழே எவரும் நிற்கலாகாது.

தள்ளுதலும் இழுத்தலும்

பொதுவாக இழுப்பதைவிடத் தள்ளுவதே நல்லது. இழுப்பவரின் குதிகாலில் சக்கரம் ஏறக்கூடும். ஆனால் நிறைந்த கூண்டைத் தள்ளுபவருக்கு முன்னால் வருபவர் தெரியமாட்டார். வாடிக்கையாளர் நடமாடும் இடத்தில் இது சிறிய சிக்கல் அன்று. கூண்டைக் கண்மட்டத்துக்குக் கீழே நிரப்புவதோ, வழிகாட்ட இன்னொருவர் உடன் செல்வதோ இதற்குத் தீர்வாகும். பக்கக் கம்பிகளின் வெளிப்புறத்தைப் பிடித்தால் கதவு நிலையில் விரல்கள் நசுங்கும்.

பராமரிப்பு

ஐக்கிய இராச்சியத்தின் 1998 ஆம் ஆண்டுப் பணிக்கருவி விதிமுறைகள் கருவிகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை வேலை வழங்குநருக்கு அளிக்கின்றன. சக்கரம் இறுகிய கூண்டும், கம்பி விடுபட்ட கூண்டும் அடையாளச் சீட்டுக் கட்டித் தனியே ஒதுக்கப்பட வேண்டும். சீட்டு இல்லையெனில் அடுத்த சரக்குந்திலேயே அவை மீண்டும் கிடங்குக்குச் சென்று நிரப்பப்பட்டுவிடும்.