ஆப்பும் நாரும்: சாந்தோம் கரையிலிருந்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

ஆப்பசைத்த குரங்கின் கதையை அறியாத தமிழர் இலர். தச்சர் ஒருவர் மரத்தைப் பாதி பிளந்து, வெடிப்பு மூடிக்கொள்ளாதிருக்க ஆப்பை இறுக்கிவிட்டு அகன்றார். அங்கு வந்த குரங்கு ஆப்பைப் பிடுங்க, விரிந்திருந்த மரம் மூடிக்கொண்டு அதன் வாலைக் கவ்வியது. பஞ்சதந்திரத்தின் இக்கதை ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனைக் 'கலீலா வ திம்னா' என்னும் நூலில் அரபியாக்கினார். சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் வெளியிட்டார். பஸராவிலும் சென்னையிலும் இக்கதைக்கு உரை தேவைப்படவில்லை. ஆப்பு வைத்து மரம் பிளக்கும் தொழில் இரு நிலத்தார்க்கும் கண்கூடாயிருந்ததே அதற்குக் காரணம்.

அத்தொழிலின் நுட்பத்தைச் சற்று நோக்குவோம். மரத்துண்டின் முனையில் கோடரியால் கீறலிட்டு, அதில் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பர். வெடிப்பு நீளும்போது அடுத்த ஆப்பைச் சற்றுத் தள்ளி இறக்குவர். முதல் ஆப்பு தளர்ந்ததும் அதனை எடுத்து இன்னும் முன்னால் வைப்பர். பிளவின் குறுக்கே ஒட்டி நிற்கும் நார்களைக் கைக்கோடரியால் வெட்டி விடுவர். இவ்வாறு பிளக்கையில் பிளவு மரத்தின் நாரோட்டத்தைத் தொடர்ந்தே செல்கின்றது. வாளோ தான் செல்லும் நேர்கோட்டில் நாரை அறுத்துவிடுகின்றது. வளைந்து நிமிர வேண்டிய பொருளுக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. நார் அறுபட்ட இடத்திலேயே வில் முறியும்.

வில்லாளிகளும் வில் செய்வோரும் நிறைந்த அரபுச் சமூகம் இதனை நன்குணர்ந்திருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்தலை ஊக்குவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். பிளக்கப்படாத முழுக் கிளையினால் ஆன வில்லை 'கழீப்' என்றும், கிளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பாதியிலும் செய்த வில்லை 'ஃபில்க்' என்றும் அரபு மொழியகராதிகள் பிரித்துரைக்கின்றன. 'ஃபில்க்' என்பதன் வேர்ச்சொல்லே திருக்குர்ஆனின் 113ஆம் அத்தியாயமான 'அல்ஃபலக்' என்பதற்கும் வேராகும். இருளைப் பிளந்து வெளிப்படும் வைகறையையும், பிளந்த கிளையின் வில்லையும் ஒரே வேர் சுட்டுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அபூ ஹனீஃபா அத்தீனவரீ தமது 'கிதாபுந் நபாத்' என்னும் தாவர நூலில் வில், அம்பு ஆகியவற்றுக்கே ஒரு பகுதியை ஒதுக்கினார். கைவினைஞனின் சொல்லைப் பதிவு செய்வது கல்விக்கு இழுக்கென்று அப்பெருமக்கள் கருதவில்லை.

மரத்தின் நாரை மதித்த அதே அறிவு கடலிலும் செயற்பட்டது. இரும்பாணி இன்றித் தேங்காய் நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டும் முறையைப் பத்தாம் நூற்றாண்டினரான அபூ ஸைத் அஸ்ஸீராஃபி குறித்துள்ளார். தைத்த கப்பல் பாறையில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அறைந்தது உடையும் என இப்னு பதூதா காரணமும் கூறினார். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதூங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் இவ்வாறு தைக்கப்பட்டதே. அக்கடல்வழியில் சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர் 'மஅபர்', அதாவது கடக்குமிடம்.

அக்கரையில் அமைந்ததே இன்றைய சாந்தோம். செயற்கைத் துறைமுகம் அமையும் வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னைக் கடலில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பயணிகளையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவையும் கயிற்றால் தைக்கப்பட்டவையே. கட்டுமரமோ இன்னும் எளியது. இலேசான மரங்களைக் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி, முனையை மேல்நோக்கி வளைத்து, கயிற்றால் பிணைப்பர். கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பர். ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பெயரை எடுத்தாண்டார். பின்னர் அது உலகச் சொல்லாயிற்று.

சாந்தோமின் தொன்மக் கதையும் ஒரு மரத்தைப் பற்றியதே என்பது வியப்புக்குரியது. யானைகளாலும் அசைக்க இயலாத பெருமரத்தைப் புனித தோமையார் தனியே இழுத்து வந்தார் எனப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர் எழுதினார். அவரே, சிதைந்து கிடந்த அத்திருத்தலத்தில் ஏழை முஸ்லிம் ஒருவர் இரந்து பெற்ற பொருளால் விளக்கெரித்துக் காத்து வந்ததையும் பதிந்தார். கிறித்தவரும் முஸ்லிம்களும் அவ்விடத்தைப் போற்றினர் என்பதற்கு அவருக்கும் முற்பட்ட மார்க்கோ போலோவும் சான்று. சமூகங்கள் பிணைந்து வாழ்ந்ததைக் கூறும் இச்செய்தி நம் வரலாற்று நூல்களில் இன்னும் உரிய இடம் பெற வேண்டியது.

மற்றொரு குறையும் உண்டு. மரக்காயர் வணிகத்தையும், கப்பலேறிய குதிரையையும் முத்தையும் நாம் விரிவாக எழுதியுள்ளோம். மரத்தைத் தேர்ந்தவர், பிளந்தவர், செதுக்கியவர், தைத்தவர் ஆகியோரின் அறிவை எழுதியது குறைவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், முன்பே தொடங்கியிருந்த மாற்றம் விரைவுற்று, கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெரிதும் நிரப்பின. அதனை நாம் குறை கூறவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குச் செல்பவர்க்குப் பாதுகாப்பும் வருவாயுமே முதன்மை. ஆயினும் கருவி மறையும்போது அதன் சொல்லும் மறைகின்றது. எந்த மரம் நீரை விரைந்து குடிக்கும், எந்த முடிச்சு அலையில் இறுகும் என்பன ஏட்டில் ஏறாமல் மூத்தோர் நினைவில் மட்டுமே நிற்கும் அறிவாகும்.

அத்தீனவரீ அன்று செய்ததை நம் கரையில் நாம் செய்யலாகாதா? சாந்தோம் முதல் காயல்பட்டினம் வரை முதிய தச்சரிடமும் மீனவரிடமும் அமர்ந்து அச்சொற்களைத் தொகுத்தல் இன்றைய ஆய்வாளர்க்கு இயலும் பணியே. ஆப்பை எடுத்துவிட்டால் பிளவு மூடிக்கொள்ளும் என்பது குரங்கு கற்ற பாடம். அம்மூத்தோர் மறைந்தபின் அறிவின் வாயிலும் அவ்வாறே மூடிவிடும் என்பதை நாம் உணர வேண்டும்.