எலி மாட்டிவிட்ட இனிப்பு - சாக்கரின் கதை

சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். 1879-ல் ஒரு விஞ்ஞானி அதை மறந்ததால்தான் உலகுக்கு முதல் செயற்கை இனிப்பு கிடைத்தது!

அவர் பெயர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா ரெம்சென்னின் ஆய்வுக்கூடத்தில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருட்களை ஆராய்ந்து வந்தார். ஒருநாள் இரவு சாப்பாட்டில் ரொட்டி தித்தித்தது. வாய் துடைத்த துணியும் தித்தித்தது. கட்டைவிரலை நக்கினால் அதுவும்! ஓடிப்போய் மேசையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் ருசி பார்த்தாராம். (நல்லவேளை, எதிலும் விஷம் இல்லை.)

கண்டுபிடிப்பை இருவரும் சேர்ந்துதான் வெளியிட்டார்கள். ஆனால் பிறகு ஃபால்பெர்க் காப்புரிமை வாங்கியபோது ரெம்சென்னின் பெயர் அதில் இல்லை. ஜெர்மனியில் தொழிற்சாலை வைத்து ஃபால்பெர்க் பணக்காரர் ஆனார். ரெம்சென்னுக்குக் கடைசி வரை கோபம் ஆறவில்லை. ஆறுமா பின்னே?

சாக்கரின் சர்க்கரையை விட சுமார் 300 மடங்கு இனிப்பு. உடம்பில் கரைந்து சக்தியாக மாறாமல், சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். அதனால் கலோரி கிடையாது. சூடு பட்டாலும் கெடாது. ஒரே குறை, நாக்கின் அடியில் தங்கும் கசப்பு. முதல் உலகப் போரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கசப்பை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பெரிய சோதனை வந்தது 1977-ல். கனடாவில் எலிகளின் உணவில் 5 சதவீதம் சாக்கரின் கலந்து கொடுத்தார்கள். மனிதன் யாரும் தொடவே முடியாத அளவு அது. ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் 1958-ல் வந்த டெலனி விதிப்படி, விலங்குக்குப் புற்றுநோய் தரும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. தடை செய்யப் போவதாக அரசு அறிவித்தது.

சர்க்கரை நோயாளிகள் கொதித்துப் போனார்கள். சைக்ளமேட் ஏற்கெனவே தடையாகிவிட்டது, ஆஸ்பர்டேம் இன்னும் கடைக்கு வரவில்லை. இருந்தது இது ஒன்றுதான்! அமெரிக்க நாடாளுமன்றத்தில் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் தடையை நிறுத்தி வைத்து, பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சிடச் சொன்னார்கள்.

எலிக்கு ஏன் வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அதன் சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் அதிகம். அளவு மீறிய சாக்கரின் சேர்ந்ததும் நுண்ணிய படிகங்கள் உண்டாகி, சிறுநீர்ப்பையின் உள்சுவரை உரசிப் புண்ணாக்கின. மனிதனின் சிறுநீர் அப்படிப்பட்டது இல்லை. 2000-ல் அமெரிக்க அரசு சாக்கரினைப் புற்றுநோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது. அதே ஆண்டு எச்சரிக்கை வாசகமும் போனது.

அதற்காக அள்ளிக் கொட்டிக்கொள்ளலாம் என்று இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் 9 மில்லிகிராமாக உயர்த்தியது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 540 மில்லிகிராம், அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல்.