அகழ் தோண்டிய வெளியூர்க்காரர்

நெய்வேலி நகரியத்தில் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் நெய்வேலி என்ற விடை அரிதாகவே வரும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்துவரும் ஊர்தான் இது. ஆயினும் குடியிருக்கும் வீடு நிறுவனத்தினுடையது. பணி ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். எண்ணிட்ட வட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் சற்றுக் கூர்மையானது. திருமணப் பேச்சு தொடங்கியதும் "எந்த ஜமாஅத்?" என்று கேட்பார்கள். தந்தையின் ஊர் ஜமாஅத்தில் பெயர் இருக்கிறது, முகத்தை அறிந்தவர் இல்லை. இங்கே முகத்தை எல்லோரும் அறிவார்கள், ஆனால் இது தங்கிச் செல்லும் இடம். பிள்ளைகள் இரண்டு ஊரிலும் விருந்தாளிகளாகவே வளர்கிறார்கள்.

இந்த மனநிலையோடு சீறாவைப் படிக்கும்போது, ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவின் வடபுறத்தில் அகழ் தோண்டப்பட்ட நாட்கள் நமக்கு மிக நெருக்கமாகின்றன. மண் தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஊர் அல்லவா நம்முடையது!

அந்த அகழைப் பற்றிய யோசனையைச் சொன்னவர் சல்மான் அல்ஃபாரிஸி (ரலி). பாரசீகத்தில் இஸ்ஃபஹான் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை ஊர்ப் பெரியவர். மகனுக்கு அணையாமல் நெருப்பைக் காக்கும் பொறுப்பு. உண்மையைத் தேடி வீட்டைவிட்டு வெளியேறிய அவர் ஷாம், மூஸில், நஸீபீன், அம்மூரிய்யா என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு துறவியிடம் தங்கிக் கற்றார். அரபு நாட்டுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன வணிகர்கள் வழியில் அவரை அடிமையாக விற்றார்கள். கை மாறிக் கை மாறி, மதீனாவில் பனூ குறைழா குலத்தவர் ஒருவரின் பேரீச்சந்தோட்டத்தில் வந்து சேர்ந்தார். மொழி வேறு, குலம் இல்லை, உடலும் தமக்குச் சொந்தமில்லை. அந்த அடிமைத்தளையால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள அவரால் முடியவில்லை. தேடி வந்த தூதர் (ஸல்) அவர்கள் அதே ஊரில் இருந்தும், மற்றவர்கள் அவர்களோடு நின்ற நாட்களில் இவர் எசமானரின் தோட்டத்தில் இருந்தார். இந்த வேதனையை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்றே தோன்றுகிறது.

விடுதலைக்கு எசமானர் வைத்த விலை முந்நூறு பேரீச்சங்கன்றுகளும் நாற்பது ஊக்கியா தங்கமும். தனியொருவரால் ஆகக்கூடியதன்று. "உங்கள் சகோதரருக்கு உதவுங்கள்" என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார், ஒருவர் இருபது, வேறொருவர் பதினைந்து, இன்னொருவர் பத்து. அவரவரால் இயன்ற அளவு. குழிகளைச் சல்மான் (ரலி) தோண்டினார், தோழர்கள் துணைநின்றனர். நபி (ஸல்) அவர்கள் வந்து தம் கையாலேயே கன்றுகளை நட்டார்கள். ஒன்றும் பட்டுப்போகவில்லை. தங்கமோ பிறகு கோழிமுட்டை அளவில் ஒரு கட்டியாக வந்தது. ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து கிடைத்தது என்று இப்னு இஸ்ஹாக் வழிவரும் அறிவிப்பு சொல்கிறது. சுரங்க ஊரில் இருக்கும் நமக்கு இந்தச் சிறு செய்தி தனி மகிழ்ச்சி.

அல்லாஹ்வின் அருள் அவருக்கு வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். வானத்திலிருந்து ஒரே நொடியில் தளை அறுந்து விழவில்லை. பக்கத்து வீட்டார் தோளில் சுமந்துவந்த கன்றுகளாக அது வந்தது. பத்துக் கன்று கொடுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

விடுதலைக்குப் பின் அவர் கண்ட முதல் போர்க்களம் அகழ்ப்போர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டுப்படை வருகிறது. மதீனாவில் மூவாயிரம் பேர். அகழ் வெட்டிக் காக்கும் பாரசீக முறையை அரபியர் அறிந்திருக்கவில்லை. அவரை அந்நியராக்கிய அதே பிறந்த மண்ணின் அறிவுதான் அன்று ஊரைக் காத்தது. தோண்டும் வேலையைப் பங்கிட்டபோது இனிய சச்சரவு ஒன்று எழுந்தது. சல்மான் எங்களவர் என்றனர் முஹாஜிர்கள். இல்லை, எங்களவர் என்றனர் அன்ஸாரிகள். எந்தக் குலத்துக்கும் உரியவராக இல்லாதவருக்கு இருதரப்பும் போட்டியிட்டன. நபி (ஸல்) அவர்களோ அவரைத் தம் குடும்பத்தவராகவே அறிவித்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு கரும்பொருள் வெளிப்பட்டது. அறுநூறு ஏக்கருக்கும் மேலான நிலத்தை அவர் பின்னர் வழங்கினார். 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது. சோவியத் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் மறு ஆண்டே மின்சாரம் தரத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரி நிலக்கரிகளுள் தாழ்ந்த தரத்தது. ஏறக்குறையப் பாதி எடை ஈரமே. தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது. ஆகவே மின் நிலையம் அதனிடம் வந்தது, மின் நிலையத்தை நம்பி நாமும் வந்தோம்.

நாம் வந்த வழியில் வேறு சிலர் வெளியேறினார்கள். இங்கே உழுத கிராமத்தார் வீட்டையும் வயலையும் விட்டு எழுந்தபின்தான் வட்டங்களும் சாலைகளும் பள்ளிகளும் அமைந்தன. வெளியூர்க்காரர் என்று நாம் வருந்தும்போது, உள்ளூர்க்காரராயிருந்து வெளியூர்க்காரர் ஆனவர்களை மறந்துவிடக் கூடாது. அது பழங்கதையும் அன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காக விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறியதை நாடே பார்த்தது. சுரங்கத்தின் நன்மை தீமைகளை அளப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அந்த மின்சாரத்தில் ஓதிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். எனவே அந்த வயலின் பக்கம் பார்வையைத் திருப்பாமல் இருக்க நமக்கு உரிமையில்லை. நிரந்தரப் பணியாளர் பெறும் வீடும் மருத்துவமும் இன்றி, ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைப்பவர் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார். அவர் மகளின் திருமணத்துக்கு யார் முன்னின்று பேசுகிறார்கள்? எந்த ஜமாஅத் கடிதம் கொடுக்கிறது? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பித் தருபவர் யார்? பத்துக் கன்று கொடுத்தவரின் வேலை இவற்றில்தான் இன்று கிடக்கிறது.

சல்மான் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் மதாயின் நகரின் ஆளுநர் ஆனார்கள். அரசு தந்த உதவித்தொகையைத் தர்மம் செய்துவிட்டு, பேரீச்ச ஓலை முடைந்து விற்றுப் பிழைத்தார்கள். உடையும் எளியது. ஒருநாள் ஷாமிலிருந்து சுமையோடு வந்த ஒருவர், வழியில் நின்ற அவரைக் கூலியாள் என்று நினைத்து, தூக்கிவரச் சொன்னார். அவரும் சுமையை ஏற்றுக்கொண்டு நடந்தார். தெருவில் பார்த்தவர்கள் இவர் நம் அமீர் என்று பதறவே, வந்தவர் நடுங்கிப்போய்ச் சுமையை இறக்கிவைக்குமாறு வேண்டினார். சல்மான் (ரலி) மறுத்துவிட்டார்கள். அந்த வெளியூர்க்காரர் தங்கவிருந்த வீட்டு வாசல் வரை சென்றே இறக்கினார்கள்.