பரம வீர சக்கரம் பெற்றவர்கள்

பரம வீர சக்கரம் (பரம் வீர் சக்ரா) என்பது போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டப்படும் தலைசிறந்த வீரத்திற்காக இந்திய அரசு வழங்கும் மிக உயர்ந்த படைத்துறை விருது ஆகும். 1947 முதல் 1999 வரையான போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் பங்கேற்ற 21 பேர் இவ்விருதைப் பெற்றுள்ளனர். இவர்களுள் 14 பேருக்கு இறப்பிற்குப் பின்னரே விருது வழங்கப்பட்டது. இருபதின்மர் தரைப்படையினர், ஒருவர் வான்படையினர். கடற்படையினர் எவரும் இவ்விருதைப் பெற்றதில்லை. 1971 ஆம் ஆண்டுப் போரில் குக்ரி என்ற போர்க்கப்பலுடன் மூழ்கி உயிரிழந்த அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லாவுக்கு அடுத்த நிலை விருதான மகா வீர சக்கரமே வழங்கப்பட்டது. கார்கில் போருக்குப் பின் பரம வீர சக்கரம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

தோற்றம்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இந்தியப் படைவீரர்களுக்கும் விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டு வந்தது. விடுதலைக்குப் பின் அதற்கு மாற்றாக ஒரு விருது தேவைப்பட்டது. 1950 சனவரி 26 அன்று, இந்தியா குடியரசான அதே நாளில், பரம வீர சக்கரம் நிறுவப்பட்டது. 1947 ஆகத்து 15 முதல் முன்தேதியிட்டு அது நடைமுறைக்கு வந்ததால், அதற்குள் நடந்து முடிந்திருந்த முதலாம் காசுமீர்ப் போரின் வீரர்களுக்கும் வழங்க முடிந்தது.

பதக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஈராலால் அட்டலிடம் இருந்தது. அவர் அப்பணியை ஒப்படைத்தது சாவித்திரி கானோல்கர் என்ற பெண்மணியிடம். இவர் சுவிட்சர்லாந்தில் 1913 இல் பிறந்தவர். இயற்பெயர் ஈவ் இவோன். இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து இந்தியாவில் குடியேறி, வடமொழியையும் புராணங்களையும் கற்றார். தன் எலும்புகளையே தேவர்களின் ஆயுதத்திற்காகக் கொடுத்த ததீசி முனிவரின் கதையை அவர் அடிப்படையாகக் கொண்டார். அவ்வெலும்புகளால் ஆனதாகக் கூறப்படும் இந்திரனின் வச்சிராயுதம் பதக்கத்தின் முகப்பில் நான்கு முறை பொறிக்கப்பட்டுள்ளது. நடுவில் நாட்டின் அரசுச் சின்னம் உள்ளது. பதக்கம் வட்ட வடிவிலான வெண்கலத்தால் ஆனது. அதன் நாடா ஊதா நிறம். முதல் விருதாளரான மேஜர் சோம்நாத் சர்மா, சாவித்திரியின் மூத்த மகளுடைய கணவரின் உடன்பிறந்தவர் என்பது தற்செயலான பொருத்தமே.

தகுதி

தரையிலோ கடலிலோ வானிலோ, எதிரியின் முன்னிலையில் புரியப்படும் துணிச்சலுக்கும் தன்னலமற்ற ஈகத்திற்கும் இவ்விருது உரியது. எல்லாத் தரநிலைப் படையினரும் தகுதி உடையவர்கள். படையினரின் ஆணைக்கு உட்பட்டுப் பணியாற்றும் செவிலியரும் பொதுமக்களும், ஆண் பெண் வேறுபாடின்றி, விதிப்படி இதைப் பெறலாம். ஆயினும் பெற்ற 21 பேரும் சீருடை அணிந்த ஆண்களே.

'எதிரியின் முன்னிலையில்' என்ற சொற்றொடர் முதன்மையானது. அவ்வாறு அல்லாத சூழலில் காட்டப்படும் வீரத்திற்கு உரிய மிக உயர்ந்த விருது அசோகச் சக்கரம். 2014 இல் காசுமீரின் சோபியானில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராசன் பெற்றது அசோகச் சக்கரமே. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது பிழை.

களத்தில் நடந்ததை யாரேனும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் உயிருடன் திரும்ப வேண்டும். அவர் சொல்வது நம்பப்பட வேண்டும். இந்தப் பட்டியலைப் படிப்பவர் இதை மனதிற் கொள்வது நல்லது. கீழே காணப்போகும் பல நிகழ்வுகளில் இம்மூன்றில் ஒன்றேனும் தடுமாறியிருக்கிறது.

1947-48 காசுமீர்ப் போர்

இப்போரில் ஐவர் விருது பெற்றனர். குமாவுன் படையணியின் 4 ஆவது பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பர் 3 அன்று சிறீநகர் வானூர்தி நிலையத்திற்கு அருகிலுள்ள பட்காமில் உயிரிழந்தார். வளைகோல் பந்தாட்டத்தில் எலும்பு முறிந்ததால் அவரது இடக்கையில் மாவுக்கட்டு போடப்பட்டிருந்தது. அந்நிலையிலும் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பித் தந்துகொண்டிருந்தபோது அருகிலிருந்த வெடிபொருட்கள் மீது குண்டு விழுந்தது. வானூர்தி நிலையம் வீழ்ந்திருந்தால் சிறீநகருக்குப் படை கொண்டுவர விரைவான வழி வேறு இருந்திராது.

நாயக் யதுநாத் சிங், 1948 பெப்ரவரி 6 அன்று நௌசேராவுக்கு அருகே ஒரு சிறு காவலரணை அடுத்தடுத்த தாக்குதல்களிலிருந்து காத்து மடிந்தார். அதே ஆண்டு சூலையில் அவில்தார் மேஜர் பீரு சிங் தித்வால் பகுதியில் எதிரியின் பதுங்குகுழிகளைத் தனியே தாக்கி உயிரிழந்தார். அதே பகுதியில் அக்டோபரில் தன் நிலையை விடாமல் காத்த லான்சு நாயக் கரம் சிங் உயிர் பிழைத்தார். இவர் இரண்டாம் உலகப் போரிலேயே படைத்துறைப் பதக்கம் பெற்றிருந்தவர்.

ஐந்தாமவரான இரண்டாம் லெப்டினன்ட் இராம ரகோபா இராணே பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். நௌசேராவிலிருந்து இரசௌரிக்குச் செல்லும் பாதையில் 1948 ஏப்பிரல் 8 முதல் கண்ணிவெடிகளையும் வெட்டிப் போடப்பட்ட மரங்களையும் அகற்றி டாங்கிகளுக்கு வழி அமைத்ததற்காக அவருக்கு விருது கிடைத்தது. எதிரியின் சுடுதலிலிருந்து தப்ப, நகரும் டாங்கியின் அடியில் ஊர்ந்து சென்றபடியே, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை கொடுத்தார். எவரையும் கொல்லாமல் சாலை அமைத்ததற்காக வழங்கப்பட்ட ஒரே பரம வீர சக்கரம் இது எனலாம். இதைப் பற்றிப் பலரும் எழுதாமற் போனது வருந்தத்தக்கது.

காங்கோ, 1961

கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் பணியாற்றியபோது 1961 திசம்பர் 5 அன்று காங்கோவின் எலிசபெத்வில் நகரில் (பின்னர் லுபும்பாசி) உயிரிழந்தார். கட்டங்கா மாநிலப் பிரிவினைப் படையினர் அமைத்திருந்த சாலைத் தடையை, எண்ணிக்கையிற் பன்மடங்கு மிகுந்த எதிரிகளுக்கு எதிராகச் சிறு கூர்க்கா அணியுடன் தாக்கினார். அமைதி காக்கும் பணிக்காக ஐ.நா. கொடியின் கீழ் நின்று இவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

1962 இந்திய-சீனப் போர்

தோல்வியில் முடிந்த இப்போரில் மூவர் விருது பெற்றனர். மூவரின் கதையும் தகவல் கிடைக்காத நிலையுடன் பின்னிப் பிணைந்தது.

மேஜர் தன்சிங் தாபா அக்டோபர் 20 அன்று லடாக்கின் பாங்கோங் ஏரிக்கு வடக்கே சிறீசாப் காவலரணில் போரிட்டார். அரண் வீழ்ந்தது, அவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டு, இறப்பிற்குப் பிந்தைய விருது அறிவிக்கப்பட்டது. குடும்பத்தாரும் இறுதிச் சடங்குகளை முடித்துவிட்டனர். பின்னரே அவர் சீனாவில் போர்க் கைதியாக இருப்பது தெரியவந்தது. 1963 இல் விடுவிக்கப்பட்டுத் திரும்பிய அவர் 2005 வரை வாழ்ந்தார்.

சுபேதார் சோகிந்தர் சிங் அக்டோபர் 23 அன்று வடகிழக்கு எல்லையில் பும்லாவுக்கு அருகே, காயமுற்றும் பின்வாங்காமல் போரிட்டுப் பிடிபட்டார். சீனச் சிறையில் இறந்தார். அவரது சாம்பலைச் சீனர்கள் 1963 இல் படைத்துறை மரியாதையுடன் ஒப்படைத்தனர்.

மேஜர் சைத்தான் சிங் தலைமையிலான குமாவுன் படையணியின் 13 ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, நவம்பர் 18 அன்று லடாக்கின் இரெசாங் கணவாயில் ஏறத்தாழ முழுமையாக அழிந்தது. சுமார் 120 பேரில் 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பி வந்த மிகச் சிலர் கூறியது தொடக்கத்தில் நம்பப்படவில்லை. 1963 பெப்ரவரியில் அவ்விடம் சென்றடைந்தபோது, உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் ஆயுதங்களைப் பற்றியபடியே கிடந்தன. மேஜரின் உடல், அவரை விட்டுவந்ததாக வீரர்கள் சொன்ன பாறையருகே இருந்தது. தப்பி வந்தோர் கூறியவை உண்மையென அதன் பின்னரே ஏற்கப்பட்டன.

1965, 1971 இந்திய-பாக்கித்தான் போர்கள்

1965 இல் இருவருக்கு வழங்கப்பட்டது. அவில்தார் அப்துல் அமீது, கேம்கரண் பகுதியில் வாகனத்தில் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியைக் கொண்டு பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து செப்டம்பர் 10 அன்று உயிரிழந்தார். அவர் அழித்த டாங்கிகள் எத்தனை என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. லெப்டினன்ட் கர்னல் அர்தேசிர் தாராபூர், காயமுற்ற பின்னரும் களத்தை விட்டு அகல மறுத்து, சியால்கோட்டு முனையில் தன் டாங்கிப் படைக்குத் தலைமை தாங்கி செப்டம்பர் 16 அன்று மாண்டார்.

1971 இல் நால்வர். கிழக்கு முனையில் விருது பெற்றவர் லான்சு நாயக் ஆல்பர்ட் எக்கா மட்டுமே. அகர்தலாவுக்கு அருகே கங்காசாகரில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கி உயிரிழந்தார். மேற்கில் சர்பால் என்னுமிடத்தில் மேஜர் ஓசியார் சிங் தன் நிலையைக் காத்துப் பிழைத்தார். பறக்கும் அதிகாரி நிர்மல் சித் சிங் சேகோன் திசம்பர் 14 அன்று, குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த சிறீநகர் ஓடுபாதையிலிருந்தே நாட் வானூர்தியில் மேலெழுந்து ஆறு சேபர் வானூர்திகளை எதிர்கொண்டார். அவர் எத்தனை வானூர்திகளைத் தாக்கினார் என்பதில் இரு நாட்டுக் குறிப்புகளும் முரண்படுகின்றன. அவரது உடல் கிடைக்கவில்லை.

இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் தாராபூரின் அதே பூனா குதிரைப் படையைச் சேர்ந்தவர். திசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் போரில், எரியத் தொடங்கிய தன் டாங்கியை விட்டு வெளியேறும்படி கூறப்பட்டும் அதன் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என மறுத்துப் போரிட்டு இறந்தார். அப்போது அவருக்கு அகவை 21. முப்பதாண்டுகள் கழித்து, 2001 இல், அவரது முதிய தந்தை தாம் பிறந்த ஊரைக் காணப் பாக்கித்தான் சென்றார். அங்கு அவரை விருந்தினராக ஏற்றவர் பிரிகேடியர் நாசிர். தம் கையால்தான் அருண் இறந்தார் என்பதை விருந்தாளியிடம் அவரே கூறினார். அருணின் இறுதிக் கணங்கள் பற்றிய சாட்சியம் இவ்வாறு எதிர்த்தரப்பிலிருந்தே வந்தது.

சியாச்சின், 1987

நாயிப் சுபேதார் பாணா சிங் 1987 சூன் 26 அன்று, ஏறத்தாழ 6,500 மீட்டர் உயரத்தில் செங்குத்தான பனிச்சுவர்களின் மேலிருந்த பாக்கித்தான் காவலரணைச் சிறு அணியுடன் கைப்பற்றினார். அம்முயற்சிக்கு, முன்னதாக அதே சரிவில் உயிரிழந்த இரண்டாம் லெப்டினன்ட் இராசீவ் பாண்டேயின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அரண் பின்னர் பாணா முகடு எனப்பட்டது.

இலங்கை, 1987

மேஜர் இராமசாமி பரமேசுவரன் மும்பையில் 1946 இல் பிறந்த தமிழர். சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972 இல் மகார் படையணியில் சேர்ந்தார். இந்திய அமைதி காக்கும் படையுடன் இலங்கை சென்ற அவர், 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தின் கந்தரோடைப் பகுதியில் உயிரிழந்தார்.

ஆயுதத் தேடுதலை முடித்து இரவில் திரும்பிய அணியை விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினர். பரமேசுவரன் பின்புறமாகச் சுற்றிச் சென்று எதிர்த்தாக்குதல் நடத்தினார். கைகலப்பில் அவரது மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்ட பின்னரும், உயிர் பிரியும்வரை கட்டளை இட்டபடி இருந்தார் என விருதுக்கான பாராட்டுக் குறிப்பு கூறுகிறது.

இவ்விருது பெற்ற ஒரே தமிழர், தமிழ் பேசும் ஊரொன்றில் தமிழ் பேசும் இளைஞர்களுடன் போரிட்டு இறந்தார். அமைதி காக்கச் சென்ற படை, 1987 அக்டோபர் முதல் புலிகளுடனான போரில் இறங்கியிருந்தது. அதில் பொதுமக்களும் பெருமளவில் இறந்தனர். இந்தியத் தரப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். யாழ்ப்பாணத்தில் அக்காலத்தை நினைவுகூர்வோரிடம் இந்தப் படையைப் பற்றிய நினைவு வேறுவிதமானது. பரமேசுவரனின் தனிப்பட்ட துணிவை ஏற்பதற்கு அப்போரை ஏற்க வேண்டிய தேவை இல்லை. தமிழ்நாட்டிலும் அவர் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. சென்னை சாலிகிராமத்திலுள்ள படையினர் குடியிருப்பு ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கார்கில், 1999

நால்வர் பெற்றனர். கலுபார் முகட்டில் சூலை 3 அன்று இறந்த லெப்டினன்ட் மனோச் குமார் பாண்டேயும், 4875 ஆம் முனையில் சூலை 7 அன்று இறந்த கேப்டன் விக்ரம் பத்ராவும் இருபத்தைந்து அகவையைக் கடக்காதவர்கள். பத்ராவின் பட்டாலியனைச் சேர்ந்த ரைபிள்மேன் சஞ்சய் குமார் அதே முனையில் காயங்களுடன் போரிட்டுப் பிழைத்தார்.

கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவ் புலிக்குன்றின் பாறைச் சுவரில் கயிறு கட்டி ஏறி, பல குண்டுகள் பாய்ந்த நிலையில் கீழே தகவல் கொண்டுவந்தார். அகவை 19, விருதாளர்களுள் மிக இளையவர். தாபாவுக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்ந்தது: அதே பெயருடைய மற்றொரு வீரர் இறந்திருந்ததால், இறந்தவர் என்றே முதலில் அறிவிக்கப்பட்டார். விருது அறிவிக்கப்பட்டபோது அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

இதே போரில் புலிக்குன்றுப் பகுதியில் இறந்த பாக்கித்தான் கேப்டன் கர்னல் சேர்கான், இப்பட்டியலில் இல்லாவிடினும் இங்குக் குறிப்பிடத்தக்கவர். அவரது வீரத்தைக் கண்ட இந்தியப் பிரிகேடியர் ஒருவர் அதனை ஒரு தாளில் எழுதி, உடலை ஒப்படைக்கும் முன் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாக்கித்தான் தன் மிக உயர்ந்த விருதான நிசான்-இ-ஐதரை அவருக்கு வழங்கியது.

நினைவுகள்

1980களில் இந்தியக் கப்பல் கழகம் அதுவரை விருது பெற்றிருந்த 15 பேரின் பெயர்களைத் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குச் சூட்டியது. அக்கப்பல்கள் பின்னர் பணியிலிருந்து விலக்கப்பட்டன. 2019 பெப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள் உள்ளன. 2023 சனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரிடப்படாதிருந்த 21 பெரிய தீவுகளுக்கு இவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியதற்குச் சோம்நாத் சர்மாவின் பெயர் இடப்பட்டது. அந்நாளில் விருதாளர்களுள் பாணா சிங், யாதவ், சஞ்சய் குமார் ஆகிய மூவர் உயிருடன் இருந்தனர்.