குழந்தைகளின் அச்சமும் மனப்பதற்றமும்: ஆய்வு வரலாறு

எட்டு மாதக் குழந்தை புதியவரைக் கண்டு அழுவது வளர்ச்சியின் அடையாளம். பத்து வயதுப் பிள்ளை அம்மாவை விட்டுப் பள்ளிக்குப் போக முடியாமல் நாள்தோறும் தவிப்பது வேறு. எது இயல்பு, எது நோய், அது எங்கிருந்து வருகிறது, எப்படித் தணியும் என்பவையே இத்துறையின் கேள்விகள்.

குதிரை கடித்துவிடும் என்று பயந்து தெருவில் இறங்க மறுத்த வியன்னாச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1909இல் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதினார். ‘குட்டி ஹான்ஸ்’ எனப்படும் அந்தச் சிறுவனை அவர் சிகிச்சைக்காகப் பார்த்தது ஒரே முறை. கேள்வி கேட்டதும் குறிப்பெடுத்ததும் தந்தைதான். தந்தைமீதுள்ள அச்சமே குதிரை வடிவம் எடுத்தது என்று ஃபிராய்ட் முடிவுகட்டினார்.

அமெரிக்க நடத்தையியலாளர்கள் இதை ஏற்கவில்லை. அச்சம் பழக்கத்தால் வருவது என்று காட்ட, ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் பால்டிமோரில் பதினொரு மாதக் குழந்தை ஒன்றிடம் வெள்ளை எலியைக் காட்டி, முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தனர். எலியும் ஓசையும் ஏழு முறை சேர்ந்து வந்தபின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலும் ரோம மேலங்கியும்கூட அதை மிரட்டின. 1920இல் வெளியான இந்த ஆய்வு பாடநூல்தோறும் இடம்பெறுகிறது. உண்டாக்கிய பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள் என்பதை எல்லாப் பாடநூல்களும் சொல்வதில்லை.

மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வுக்கு அந்தப் புகழில் பாதிகூடக் கிட்டவில்லை. பயன் என்று பார்த்தால் அதுவே பெரிது. மூன்று வயது நிரம்பாத பீட்டருக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார் ஜோன்ஸ். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். இடையில் பீட்டர் காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போனான். திரும்பும்போது பெரிய நாயொன்று பாய்ந்ததில் பழைய பயம் மீண்டது. ஜோன்ஸ் மீண்டும் முயன்றார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். இந்தப் படிப்படியான முறையை ஜோசப் வோல்ப் 1958இல் பெரியவர்களுக்கான சிகிச்சையாக விரிவாக்கினார்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கேள்வி திசை மாறியது. தாயைப் பிரிவதே அச்சத்தின் வேர் என்றார் ஜான் போல்பி. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் படமெடுத்தார். அழுது ஓய்ந்து அடங்கிவிட்ட பிள்ளையை ‘பழகிவிட்டது’ என்று நம்பிய மருத்துவர்களுக்குப் படம் கசந்தது. ஆனாலும் 1959இல், மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோர் தாராளமாக வந்துபோகப் பரிந்துரைத்தது. உகாண்டாவில் தாய்-சேய் உறவைக் கவனித்த மேரி எய்ன்ஸ்வொர்த், பின்னர் பால்டிமோரில் அந்தப் பிணைப்பை ஆய்வுக்கூடத்தில் கணிக்கும் முறையை வகுத்தார்.

எல்லாவற்றையும் வளர்ப்பின் தலையில் போடுவதை ஹார்வர்டின் ஜெரோம் கேகன் மறுத்தார். நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டி, புதிய ஒலிகளைக் கேட்கச் செய்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கைகால் உதறி அழுதது. அவர்களில் பலர் கூச்ச சுபாவத்தோடு வளர்ந்தனர், எல்லாரும் அல்ல.

பிரிவுப் பதற்றம் 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் தனிக் கோளாறாக இடம்பெற்றது. ஃபிலிப் கெண்டல் 1994இல் வெளியிட்ட சோதனை, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை பிள்ளைகளுக்கும் பலன் தரும் என்று காட்டியது. 2008இல் 488 பிள்ளைகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் இந்தச் சிகிச்சையோடு செர்ட்ராலின் மருந்தும் பெற்றவர்களில் சுமார் 81 விழுக்காட்டினர் தேறினர். சிகிச்சை மட்டும் பெற்றோரில் 60, மருந்து மட்டும் பெற்றோரில் 55, போலி மாத்திரை பெற்றோரில் 24.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழந்தையை விட்டுப் பெற்றோரைப் பயிற்றுவித்தார். பிள்ளை பயப்படும் என்று கூடவே படுப்பது, பிள்ளைக்குப் பதிலாகத் தாமே பேசுவது போன்றவற்றை அவர்கள் மெல்லக் குறைத்தனர். 2020இல் வெளியான ஒப்பீட்டில் இது குழந்தைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. ஹான்ஸின் தந்தையும் மருத்துவருக்கும் மகனுக்கும் நடுவில் நின்றவர்தான். அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது விளக்கம், இவர்களிடம் கேட்கப்பட்டது பழக்கத்தை மாற்றுவது.